கேட்டுத் தூணில் வைத்த மஞ்சள்

என் வீட்டுக்குள் ஏரி வந்துவிட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான், "எங்க வூட்டுப் படிய ஏரி தொடாது, அதுக்கு நம்ம மேல ஒரு மரியாத கீது" என்று செல்போனில் வீடியோ எடுத்துத் தெரு குரூப்பில் போட்டிருந்தேன். காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் கணுக்கால் வரை தண்ணீர். ஒரு செருப்பு பீரோ பக்கமும் இன்னொன்று சமையலறை வாசலிலும் மிதந்துகொண்டிருந்தன. வேறு யாராக இருந்தாலும் முதலில் கரன்ட் மெயினை அணைப்பார்கள், பெண்டாட்டியை எழுப்புவார்கள். நான் முதலில் போனை எடுத்து, வீடியோவுக்கு எத்தனை பேர் சிரித்த முகம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். நிறையவே போட்டிருந்தார்கள். அவ்வளவு சிரிப்பு வாங்கிய பிறகு, என் கட்டிலுக்கு அடியிலும் ஏரிதான் என்று எந்த முகத்தோடு சொல்வது?

நானும் என் மனைவியும் குண்டானால் மொண்டு மொண்டு கொல்லைப்பக்கமாக ஊற்றினோம். வாசல் கதவைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் கேட்கக் கூடாது என்று குண்டானைத் தரையில் இடிக்காமல் மொண்டோம். சொந்த வீட்டிலேயே திருடன் மாதிரி தண்ணீர் இறைத்தவன் செங்கல்பட்டுப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மத்தியானத்துக்குள் ஏரி தானாகவே பின்வாங்கிவிட்டது. அதற்காவது விவஸ்தை இருந்தது.

எங்கள் தெரு ஏரியின் உள்பக்கம் இருக்கிறது. கரை, மதகு, பனைமரம் எல்லாம் எதிர்ப்பக்கம். எங்கள் பக்கத்தில் கரையே கிடையாது. ஏரி கொஞ்சம் கொஞ்சமாக மேடேறி நிலமாகிவிடும். ஏரி எங்கே முடிகிறது, பிளாட் எங்கே ஆரம்பிக்கிறது என்பது வெயில் காலத்தில் புரோக்கருக்குத் தெரியும், மழைக் காலத்தில் தவளைக்குத் தெரியும். வாங்கின எங்களுக்கு மட்டும் எப்போதும் தெரியாது. தெருவின் கடைசி வீடு அக்காவுடையது. கேட் ஏரியைப் பார்த்திருக்கும். இந்தப் பக்கம் ஒரு காலி மனை, அதற்கு அடுத்தது என் வீடு. அக்கா வீட்டுக்காரர் கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டியவர். பஸ்ஸில் ஏறுவது போலவே படி ஏறித்தான் தன் வீட்டுக்குள்ளும் போக வேண்டும் என்று மண் கொட்டி உயரமாகக் கட்டிவிட்டார். நான் மண் அடிக்கும் செலவை மிச்சம் பிடித்த புத்திசாலி. பார்வைக்கு ஏரியிலிருந்து தள்ளி இருப்பேன். ஆனால் பள்ளத்தில் இருப்பேன்; தெருப்பக்கம் தெரியாமல் காலி மனை வழியாகவே தண்ணீர் என் வீட்டுக்கு வந்துவிடும்.

அக்கா என்று சொல்வது வாய்ப்பழக்கம். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர் இருக்கலாம், அவ்வளவுதான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றில் பிறந்து, பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். அந்த மழையின்போது, ஏரி நிறைந்து, கோடி என்கிற கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் வழிய ஆரம்பித்த அன்று சாயங்காலம், தண்ணீர் அக்கா வீட்டு கேட்டுக்கு வந்து நின்றது. அக்கா தட்டில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, கற்பூரம் ஏற்றி, ஏரிக்கு ஆரத்தி எடுத்தார். பிறகு தண்ணீர் தொட்ட இடத்தில், கேட்டுத் தூணில், கையகலத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். அவர் அம்மா வீட்டில் அலை குடிசை வரைக்கும் வந்தால் அப்படித்தான் செய்வார்களாம். வந்துட்ட, சந்தோசம், மரியாத பண்ணிட்டோம், இதோட நின்னுக்கோ என்று அர்த்தமாம்.

இதைத்தான் நான் வீடியோ எடுத்தேன். "சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள், இன்னும் சற்று நேரத்தில் டிபன் பரிமாறப்படும்" என்று கல்யாண மண்டப மைக் குரலில் வர்ணனை. அக்காவும் சிரித்துக்கொண்டே, "போ தம்பி, உனுக்கு எல்லாமே காமெடி" என்றார். அதுவும் பதிவாகியிருக்கிறது. அப்புறம் போனைத் திருப்பி, காய்ந்து கிடந்த என் வீட்டுப் படியைக் காட்டி, அந்த மரியாதை வசனத்தையும் பேசினேன்.

சிறுசேரியில் கேப் டிரைவர்களுக்கு ஷிஃப்ட் போடுவது என் வேலை. நாள் முழுக்க எல்லோரிடமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். அதனால் சாயங்காலத்தில் நாலு பேர் சிரித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இதை நியாயம் என்று சொல்லவில்லை. வியாதி என்றுதான் சொல்கிறேன்.

மழை முடிந்து சில மாதம் கழித்து, ஏரியோரங்களுக்குப் புது விதி வருகிறது என்று பேச்சு வந்தது. ஏரி நிறையும்போது தண்ணீர் எதுவரை நிற்கிறதோ அதுவரை ஒரு கோடு. கோட்டுக்கு உள்ளே எதையும் கட்டக் கூடாது. கோட்டுக்கு வெளியே ஒரு பட்டை நிலம். அதில் இருக்கிற வீடு இருக்கலாம், புதிதாகக் கட்டக் கூடாது. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் 'பெல்ட்'. "உன் வூடு பெல்ட்டுல வருதா?" என்பதுதான் அந்த ஆண்டு முழுக்க எங்கள் நலம் விசாரிப்பு.

அளக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் தெருவே ஒற்றுமையானது. பழைய தண்ணீர்க் கறை இருந்த சுவரெல்லாம் வெள்ளையடிக்கப்பட்டது. "தண்ணியா? இந்தத் தெருவுக்கா? சேச்சே" என்று சொல்வதாக ஏற்பாடு. நானும் படுக்கையறைச் சுவரின் அடிப்பாகத்துக்குப் பச்சை பெயின்ட் அடித்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் வாஸ்து என்றேன். அக்கா மட்டும் தூணைத் தொடவில்லை. "வச்ச மஞ்சள அழிச்சா தண்ணிக்கு கோவம் வரும்" என்று சொல்லிவிட்டார்.

வந்த அதிகாரி பொறுமைசாலி. தெருவே கூடி நின்று ஒரே குரலில் சொன்ன பொய்யை முழுசாகக் கேட்டார். அப்புறம் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். "சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள்" என்று என் குரல் கேட்டது. அது தெரு குரூப்பைத் தாண்டி, திருக்கழுக்குன்றம் தாண்டி எங்கெல்லாம் சுற்றிவிட்டு அவர் கைக்கு வந்ததோ தெரியாது. தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய் அக்கா வீட்டுத் தூணில், மஞ்சளுக்குப் பக்கத்தில், சிவப்பு பெயின்ட்டால் ஒரு கோடு போட்டார்.

"இதுக்கு மேல வரலையா?" என்று பொதுவாகக் கேட்டார்.

"வரல சார்" என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னவன் நான்தான். வீடியோவிலும் நான்தான் சாட்சி.

கோடு அக்கா வீட்டு கேட். பெல்ட் அங்கிருந்து ஆரம்பித்து, அக்கா வீட்டை முழுதாக விழுங்கி, காலி மனையில் பாதியில் முடிந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டிய படத்தைப் போய்ப் பார்த்தேன். என் காம்பவுண்டைத் தொடாமல், டெய்லர் துணி வெட்டியது போல வளைந்து போயிருந்தது. மாடி எடுக்கும் ஆசை இருந்தது எனக்கு. அந்தப் படத்தைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதைத்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வெட்கம் கொஞ்சம் பின்னால்தான் வந்தது, லேட் ஷிஃப்ட் டிரைவர் மாதிரி.

ஏனென்றால் அக்காவுக்கு ஒரு அறை தேவைப்பட்டது. வீட்டுக்காரருக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அந்த வீட்டில் படுக்கையறையும் பாத்ரூமும் மாடியில். அவரால் ஏற முடியாது. கட்டிலை ஹாலில் போட்டார்கள். வாசலைத் திறந்தால் முதலில் தெரிவது அவர்தான். கேஸ் சிலிண்டர் போட வருகிறவன், சீட்டுக்காரம்மா, டியூஷன் படிக்க மகளிடம் வருகிற பிள்ளைகள், எல்லோருக்கும் நடுவில், ஒரு புடவைத் திரைக்குப் பின்னால், அக்கா அவருக்கு எல்லாம் செய்ய வேண்டும். ஒருநாள் போயிருந்தபோது திரை பாதி விலகியிருந்தது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் செருப்பைத் தேடுவது போல வெளியே வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். வாய் சற்றுக் கோணியிருக்கும், ஆனால் பேச்சு புரியும்.

"மச்சான், பஸ்ஸுல அம்பது பேர ஏத்திக்கினு போவேன். எனுக்குனு தனியா ஒரு சீட்டு, ஒரு கதவு. டிரைவர் டோரு. வேற எவனும் ஏற மாட்டான். இப்ப பாரு, பஸ் ஸ்டாண்டுல படுத்துக்கினு கீறேன். ஒரு ரூமு, ஒரு கதவு, உள்ள தாப்பா. வேற இன்னா கேக்கறேன் நான்?"

வீட்டின் பக்கவாட்டில், தங்கள் மனைக்குள்ளேயே, பாத்ரூமோடு ஒரு சின்ன அறை. அவ்வளவுதான் திட்டம். பாங்கில் கடன் கொடுக்க அனுமதி கேட்டார்கள். அனுமதி கேட்கப் போனால் பெல்ட் என்றார்கள்.

ஆட்சேபணை இருக்கிறவர்கள் செங்கல்பட்டில் வந்து நேரில் சொல்லலாம் என்று அறிவித்தார்கள். அக்கா என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, எனுக்கு ஆபீசருங்கள பாத்தா நாக்கு ஒட்டிக்கும். நீதான் பேச்சுக்காரன். எனுக்காக நீ பேசுறியா?"

"அக்கா, நான் பேசுனா அந்த ஆபீசரே கல்லு சொமந்து ரூம் கட்டிக் குடுத்துடுவாரு" என்றேன்.

வீடியோவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் போனதும் என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"இன்னாங்க, அங்க போயி நம்ம வூட்டுக்குள்ள தண்ணி வந்த கதைய அவுத்து வுடப் போறீங்களா?"

"இல்ல... மனசு உறுத்துது."

"உறுத்துனா கழுக்குன்றத்துல மலை கீது. ஏறி சாமி கும்புட்டு எறங்குங்க. ஆபீசுல அந்தம்மா ரூம பத்தி மட்டும் பேசுங்க. உங்க மனச பத்திப் பேச வாணாம்."

அவளுக்கு எல்லாமே கொஞ்சம் முன்கூட்டியே தெரியும். எனக்குக் கொஞ்சம் பிந்தித் தெரியும். அப்படித்தான் குடும்பம் ஓடுகிறது.

செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில் போனோம். நான் வழியெல்லாம் என் வாதத்தை உருட்டிக்கொண்டே போனேன். வக்கீல் மூளை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். அதாவது, அந்த வீடியோ ஒரு காமெடி. காமெடியை ஆதாரமாக எடுக்கக் கூடாது. சம்பந்தி வீட்டார் வந்தார்கள் என்றும் அதில்தான் இருக்கிறது, அதையும் நம்புகிறீர்களா? இந்த இடத்தில் ஹால் சிரிக்கும். ஹால் சிரித்தால் அதிகாரியும் இளகுவார். அறை கிடைத்துவிடும்.

ஹாலில் மின்விசிறி சத்தத்துக்கு நடுவே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு முன்னால் வேறொரு ஏரியோரத்திலிருந்து வந்த ஒருவர். அதிகமாகப் பேசவில்லை. "எங்கம்மாவால மாடி ஏற முடியல சார். கீழ ஒரு கக்கூஸ் கட்டிக்கணும்" என்றார். எங்கள் தெருவுக்கு வந்த அதே அதிகாரிதான் மேஜையில் இருந்தார். நிதானமாகச் சொன்னார்:

"பெல்ட்டுல இருக்கற வீடுன்னா, உடம்பு முடியாதவங்களுக்கு இந்த மாதிரி சின்ன மாற்றத்துக்கு ஸ்பெஷலா அனுமதி கேக்கலாம். நான் எழுதி அனுப்பறேன். கோட்டுக்கு உள்ள இருந்தாதான் ஒண்ணும் பண்ண முடியாது."

இது என் காதில் விழுந்தது. ஆனால் விழுந்தது விழுந்தபடியே கிடந்தது. உள்ளே நான் சம்பந்தி ஜோக்கில் சிரிப்புக்கு எங்கே நிறுத்தணும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மட்டும் என் முழங்கையைத் தட்டி, "கேட்டியா? கேட்டியா?" என்றார். தலையாட்டினேன்.

எங்களைக் கூப்பிட்டார்கள். அதிகாரி என்னைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டு புன்னகைத்தார். அந்தப் புன்னகைதான் என்னைக் கெடுத்தது. முன்வரிசையில் டிக்கெட் வாங்கின ரசிகன் கிடைத்த மாதிரி இருந்தது.

"சார், அந்த வீடியோவ ஆதாரமா எடுத்துக்கக் கூடாது" என்று ஆரம்பித்தேன். "அதுல சம்பந்தி வந்தாங்கன்னு கூட சொல்லிக்கீறேன். அப்ப ஏரிக்கும் எங்க தெருவுக்கும் கல்யாணம் ஆயிடிச்சின்னு எழுதிக்குவீங்களா?"

ஹால் சிரித்தது. நினைத்த இடத்திலேயே சிரித்தது.

அதிகாரியும் சிரித்தார். பிறகு, கோபம் எதுவும் இல்லாமல் கேட்டார்: "அப்ப வீடியோ பொய்யா? தண்ணி அந்த கேட்டுக்கு வரலியா?"

வந்தது என்றால் என் வாதம் போச்சு. வரவில்லை என்றால், அக்கா பக்கத்திலேயே நிற்கிறார், மஞ்சள் வைத்த கையோடு. ஹால் இன்னும் சிரிப்பு மீதி வைத்துக்கொண்டு காத்திருந்தது. இத்தனை மாதமாக நெஞ்சில் ஊறிக்கொண்டிருந்தது அந்த நேரம் பார்த்துக் கோடி வழிந்துவிட்டது.

"பொய்தான் சார். ஏரி அந்த கேட்டோட நிக்கல. நான் மரியாதக்காரன்னு பீத்திக்கினேன் இல்ல? விடிஞ்சா எங்க பெட்ரூம்ல கீது. என் செருப்ப ஓட்டிக்கினு போயி கிச்சன்ல பார்க் பண்ணிடிச்சி. நானும் என் பொண்டாட்டியும் கதவ சாத்திக்கினு குண்டான்ல எறச்சோம். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு பச்ச பெயின்ட் வேற அட்ச்சேன், வாஸ்துன்னு சொல்லி."

வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சிரிப்பை நான் வாங்கியதில்லை. பின்வரிசையில் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அப்படியே பறக்கலாம் போல இருந்தது. திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அதிகாரியும் சிரிப்பதை நிறுத்திவிட்டு, படத்தை விரித்து விரலால் எதையோ அளந்துகொண்டிருந்தார்.

"நல்லது சார், உண்மைய சொன்னீங்க" என்றார். "அப்ப கோடு இங்க இல்ல. உங்க பெட்ரூம் வரைக்கும் போகுது. மறுபடி அளக்கணும். அதுவரைக்கும் உங்க தெரு மனு எல்லாம் நிறுத்தி வைக்கிறேன்."

"ஐயா" என்று அக்கா வாயைத் திறந்தார். "எங்க வூட்டுக்காரரு..."

அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்கள் முறை முடிந்துவிட்டது. பக்கவாதம் என்ற சொல்லையோ, மாடி என்ற சொல்லையோ, கதவு என்ற சொல்லையோ நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் பேசியவர் ஒரே மூச்சில் சொல்லி வாங்கிக்கொண்டு போனதை, நான் அக்காவின் நேரம் முழுவதையும் எடுத்து, என் செருப்பின் கதைக்குச் செலவழித்திருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். நான் டிக்கெட் எடுத்தேன். அதுதான் அன்றைக்கு அவருக்காக நான் செய்த ஒரே காரியம்.

மறுபடி அளந்தார்கள். பச்சை பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தார்கள். கறை இருந்தது. கோடு என் வீட்டுக்குள் வந்து, பெல்ட் எனக்கு அப்புறமும் சில வீடுகளைச் சேர்த்துக்கொண்டது. என் மாடி போச்சு. அந்த வீட்டுக்காரர்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருவர் மட்டும், "இன்னா அண்ணாத்த, அரிச்சந்திரன் வேசம் கட்ட எங்க வூடுதான் கெட்ச்சிதா?" என்று கேட்டார். அதுவரை பேசாமல் இருந்ததே மேல்.

ஏரிக்கு இது நியாயம்தான். கோடு இப்போதுதான் சரியான இடத்தில் இருக்கிறது. நாளைக்கு யாராவது அந்தக் காலி மனையில் கட்டாமல் தப்பிப்பார்கள். இதையெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அக்கா வீடு இப்போது பெல்ட்டில் இல்லை. கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. ஸ்பெஷல் அனுமதிக்குக்கூட வழியில்லை. மஞ்சள் இருந்த இடத்திலேயே கோடு இருந்திருந்தால் கேட்டிருக்கலாம்.

நான் உண்மையைச் சொன்னது தப்பு என்று சொல்ல வரவில்லை. அளக்க வந்த அன்றைக்கே, "இதுக்கு மேல வரலையா" என்று கேட்டபோதே சொல்லியிருந்தால், அது உண்மை. என் பாரத்தை இறக்க அக்காவின் முறையை எடுத்துக்கொண்டு, அதற்கும் கைதட்டல் எதிர்பார்த்துச் சொன்னேனே, அதற்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா வீட்டுக்காரரின் கட்டில் அதே ஹாலில், அதே திரை. தூங்கிக்கொண்டிருந்தாரா, தூங்குவது போல இருந்தாரா தெரியாது. அக்கா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பழத்தை வாங்கி ஓரமாக வைத்தார். எதையாவது சொல்ல வேண்டுமே என்று, வாய் தானாகப் போய் அந்தப் பழைய இடத்திலேயே நின்றது.

"இன்னா பண்றது அக்கா. இப்ப என் வூடும் உன் வூட்டோட சேந்து ஏரிக்குள்ள வந்துடிச்சி. எனுக்கும் மாடி இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே கதிதான்."

அக்கா கையிலிருந்த மீனை இன்னொரு பக்கம் திருப்பிப் போட்டு, செதிலைச் சுரண்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்:

"நான் ரூம் கேட்டேன் தம்பி. தொணைக்கு ஆளா கேட்டேன்?"